தலைமாட்டுக் கதவு

கொருக்குப்பேட்டையில் ரயில்வே சுவரை ஒட்டிய மூன்றாவது சந்தில், ஜெயவேல் வீட்டுப் படுக்கையறையில் படுத்துத் தூங்கியவர்கள் கண் விழிக்கும்போது வீட்டுக்குப் பின்னால் அடிபம்புக்குப் பக்கத்தில் கிடந்தார்கள். எல்லோரும் அல்ல, சிலர் மட்டும். ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட விழவில்லை. ஆணாக இருந்தால் தோளில் போட்டிருந்த துண்டு இடுப்புக்கு வந்திருக்கும். ஆணோ பெண்ணோ, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு கையில் இருக்கும். இது தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணி மாதம் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் வெங்காயம் விலை ஏறியதைப் பற்றிச் சந்துக்காரர்கள் மாதக்கணக்கில் பேசியிருந்தார்கள். இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பச்சையம்மா வெளியில் மூச்சு விடாததுதான் காரணம். விஷயம் பரவினால் சம்பந்தியம்மா வரமாட்டாள் என்று அவளுக்குப் பயம்.

சம்பந்தியம்மா என்று இவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பதிலுக்கு ஒருமுறைகூட அப்படி அழைத்ததில்லை. அவள் பெயர் தனக்கோடி, இருப்பது மதுராந்தகம், புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், ஒரே மகன் சுப்புராஜ். எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த சுப்புராஜ், அதே இடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த மதியைப் பார்த்துப் பிடித்துப்போய், தொண்ணூற்றெட்டில் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். மதி, ஜெயவேலுக்கும் பச்சையம்மாவுக்கும் ஒரே பெண். தனக்கோடி கல்யாணத்துக்கு வரவில்லை. அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. அவள் அந்த ரகம் கிடையாது. மகன் மாதம் ஒருமுறை மதுராந்தகம் போனால் வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டு, மருமகள் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டு, கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லாமல் அனுப்பிவைப்பாள். மதி திருவொற்றியூரில் வாடகை வீட்டில் ஒரு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

மதி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சுப்புராஜ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, குழந்தை பிறந்ததும் ஒருமுறை கொருக்குப்பேட்டைக்கு வந்து தன் மாமியார் வீட்டில் தங்கிப் போகும்படி அம்மாவைக் கேட்டான். தனக்கோடி யோசித்தாள். "வரக்கூடாதுன்னு இல்லப்பா. அந்தப் பட்டணத்து ரூம்புல, ரயிலு சத்தத்துல எனக்குத் தூக்கம் புடிக்காது. நான் கிராமத்து வீட்ல பொறந்து வளந்தவ. எங்க வீடாட்டம் படுக்க ஒரு எடம் இருந்துச்சுன்னா வந்து தங்கிட்டு, தாயையும் புள்ளையையும் நானே கையோட கூட்டியாந்திருவேன்," என்றாள். வரமாட்டேன் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல நாலு தலைமுறைப் பழக்கம் வேண்டும். சுப்புராஜுக்கு அது புரிந்தது. பச்சையம்மாவுக்குப் புரியவில்லை. அவளிடம் இதுவரை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லாம் வாய்விட்டு வேண்டாம் என்றே சொன்னவர்கள். ஆகையால் சம்பந்தியம்மா கேட்டது ஒரு கிராமத்து வீட்டு அறை என்றே எடுத்துக்கொண்டாள், அதை ஜோடித்துவிட்டால் தன் பெண்ணுக்கு வாழ்க்கை வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் படுக்கையறையின் நாலு சுவரும் பளிச்சென்ற நீலம். ஹார்பரில் மூட்டை தூக்கும் ஜெயவேல், அரசியல் சட்டம் எழுதிய தலைவரின் நூற்றாண்டு வருஷத்தில் மூன்று நாள் லீவு போட்டுத் தன் கையாலேயே அடித்த நீலம் அது. கிராமத்து வீடு என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அவருடைய அப்பா ஊரை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து ராயபுரத்தில் கால் வைத்தவர். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். ஆனால் பெண் விஷயம் என்று பச்சையம்மா கண்ணைக் கசக்கியதும் ஜெயவேல் பாதி இறங்கி வந்தார். "இன்னா வேணா மாட்டிக்க, தொங்கவுட்டுக்க. பெயின்ட் டப்பாவத் தூக்கிகினு எவனும் உள்ள வரக்கூடாது. நீலத்துல கை வெச்சா மனுசனா இருக்கமாட்டேன்," என்றார். நல்லவேளையாக, மதி வாங்கும் பெண்கள் பத்திரிகையில் அந்த மாதமே 'பெயின்ட் அடிக்காமல், சிக்கனமாக, உங்கள் படுக்கையறையில் ஒரு கிராமம்' என்று இரண்டு பக்கத்துக்குப் படத்தோடு போட்டிருந்தார்கள். மதி அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட, பச்சையம்மா இரண்டு பக்கத்தையும் கிழித்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டிவைத்தாள். எழுதியவர் யாரோ, பாவம், அவர்மேல் குற்றமில்லை.

பச்சையம்மாவின் வேலை கூட்ஸ் ஷெட்டில் கிழிந்த கோணி தைப்பது. இருபது வருஷமாகக் கோணி ஊசி பிடித்து ஆள்காட்டி விரல் சற்று வளைந்தே போயிருந்தது. அந்தக் கையோடு இறங்கினாள். கோதுமை வந்த கோணிகளாகப் பொறுக்கி, சோடாப்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசி, நீளமாகத் தைத்து, சீலிங்கிலிருந்து தரை வரைக்கும் நாலு சுவரையும் மூடினாள். நீலம் ஒரு விரற்கடைகூடத் தெரியவில்லை, ஆனால் நீலத்தின்மேல் யாரும் கை வைக்கவும் இல்லை. கப்பலுக்குள் சரக்கு உருளாமல் அண்டை கொடுக்கும் பலகைகளை ஜெயவேல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எந்தத் தேசத்து மரமோ, அதில் கட்டில் செய்து ஹார்பர் கயிற்றால் இறுக்கிப் பின்னினார்கள். பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் கட்டிலுக்கு மெத்தை போட்டாள். ஒரு மூலையில் உறி, அதில் மண்சட்டி. சுவரில் இரண்டு முறம். எரியாத அரிக்கேன் விளக்கு ஒன்றுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு. கட்டிலடியில் பித்தளைக் குடம். கூட்ஸ் ஷெட்டுச் சுவரைப் பார்த்திருக்கும் ஒற்றை ஜன்னலுக்குக் கோணித் துணியிலேயே ஓரத்தில் சிவப்பு நூல் பூ போட்ட திரை. செலவு என்று பார்த்தால் நூலுக்கும் சோடாப்புக்கும்தான். இரண்டு மாதம் வேலை நடந்தது, அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக எதையும் தைத்ததில்லை.

பத்திரிகையில் சொன்னதில் ஒன்றுதான் பாக்கி. பழைய கிராமத்து வீட்டுக் கதவு ஒன்று கிடைத்தால் அதைக் கட்டிலின் தலைமாட்டில் சாத்தி நிறுத்துங்கள், அறையின் களையே மாறிவிடும் என்று எழுதியிருந்தது. பச்சையம்மா தண்டையார்பேட்டையில் இடித்த வீட்டு மரம் விற்கும் ஹுமாயூன் பாய் கடைக்குப் போனாள். ஜன்னல்களும் தூண்களும் உத்தரங்களும் மழையில் நனைந்து கிடந்த அந்தக் கொட்டகையின் கடைசியில், ஒற்றைக் கதவு ஒன்று தனியாகச் சாய்ந்து நின்றது. ஆள் உயரத்துக்குமேல் ஒரு முழம், கட்டம் கட்டமாகச் செதுக்கி, கட்டத்துக்கு ஒரு பித்தளைக் குமிழ், நடுவில் தாமரை. ஜோடிக் கதவு எங்கே என்று கேட்டாள்.

"அத்த ஒரு சினிமாக்காரன் வாங்கினு பூட்டான். இது மட்டும் ஒரு வருசமா குந்திகினு கீது. எவன் வந்தாலும் பாக்றான், தடவறான், பூடறான். எட்த்துக்கபோ தங்கச்சி, எனுக்கும் எடம் அடைக்குது," என்றார் பாய்.

எந்த ஊர்க் கதவு என்று அவள் கேட்கவில்லை. செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏதோ பெரிய வீட்டைப் பங்காளிகள் இடித்து விற்றார்கள் என்று பாய் அவராகவே சொன்னதையும், மாட்டுவண்டிக்காரனோடு கூலி பேசும் மும்முரத்தில், காதில் வாங்கவில்லை. கதவு வந்து இறங்கியபோது ஜெயவேல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. அவருடைய அப்பா ஊரில் இருந்த பெரிய வீட்டைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்: மாட்டுக் கொட்டகை எப்படி இருக்கும், சாணிக் குழி எந்தப் பக்கம், கூலி நெல் அளந்து போடும் கொல்லைப் படல் எத்தனை உயரம், கிணற்றடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் கையேந்தி நிற்க வேண்டும் என்றெல்லாம். சொன்னது முழுக்க வீட்டின் பின்பக்கம். முன்வாசல் இருக்கும் தெருவுக்குள்ளேயே அவர் நுழைந்ததில்லை, பிறகு அந்தக் கதவில் எத்தனை குமிழ் என்று அவர் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லியிருப்பார். தலைமுறை தலைமுறையாக யாரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியதோ, அவர்கள் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுக்கே அந்தக் கதவு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

கதவை நிறுத்திய அன்றைக்கே அறை மாறிவிட்டது. ரயில் சத்தம் அந்த அறை வாசலோடு நின்றுபோனது. ஹாலில் தம்ளர் அதிரும், உள்ளே குருவிச் சத்தம் கேட்கும். கோணிச் சுவர் நனைந்த மண்ணாக மணத்தது. ஜன்னல் திரையை விலக்கினால் கூட்ஸ் ஷெட்டுச் சுவரைக் காணவில்லை, கண்ணுக்கு எட்டிய வரை நடவு முடிந்த வயல். பித்தளைக் குடத்தில் யாரும் ஊற்றாமலேயே தண்ணீர் நிறைந்திருந்தது, இளநீர் தோற்றுப்போகும் ருசி. பச்சையம்மா அறை நடுவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்திரிகையில் போட்டதைவிட நன்றாக வந்துவிட்டது என்பதுதான் அவளுடைய முதல் எண்ணம்.

மறுநாள் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஜெயவேல், சாப்பிட்டுவிட்டுப் புதுக் கட்டிலில் படுத்தார். பதினொரு மணி வெயில் முகத்தில் அடித்து எழுந்து பார்த்தால் அடிபம்பு. இடுப்பில் துண்டு, கையில் செருப்பு. பெண்டாட்டி இழுத்துப் போட்டிருப்பாள் என்று அவளைத் திட்டினார். சாயங்காலம் பச்சையம்மா படுத்துப் பார்த்தாள். அவளும் அதே பம்படியில், செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். ஒரு வாரம் மாற்றி மாற்றிப் படுத்தார்கள். கட்டிலை விட்டுத் தரையில் படுத்தாலும், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாலும் அதேதான். பழைய துணியில் படுத்தால் ஆகாதோ என்று மெத்தையை மாற்றினாள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். அந்தக் கதவை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. அறை இன்னும் அவர்களுக்குப் பழகவில்லை என்று புருஷனைச் சமாதானப்படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வந்த சுப்புராஜ், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே படுத்து மூன்று மணி நேரம் அடித்துப்போட்டாற்போலத் தூங்கி, கட்டிலிலேயே எழுந்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலியே, அத்த," என்றான். அவனுக்கு எதிலும் ஒன்றும் ஆவதில்லை, அதுதான் அவனுடைய சுபாவம்.

கார்த்திகையில் வளையல் போட்டு மதியை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவளை அறையில் படுக்க வைத்துவிட்டுப் பச்சையம்மா பம்படியில் பாயைப் போட்டு, கீழே விழாமல் பிடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். மதி வரவில்லை. விடிந்து ஏழு மணிக்குக் கட்டிலிலிருந்தே எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, "சூப்பரா கீதும்மா ரூமு. நெல்லு வாசன வருது," என்றாள். இரண்டு மாதம் அப்படியே போனது. பச்சையம்மா பூரித்துப்போனாள், தன்னைத் தள்ளினாலும் தன் வயிற்றில் பிறந்ததை அறை ஏற்றுக்கொண்டது, போதும். அறை ஏற்றுக்கொண்டது யாரை என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரம் தை மாதம் மதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜெயவேல் சங்கமித்ரா என்று பெயர் வைத்து, ஹார்பரில் கூடவேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் அந்தக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். விடியற்காலைப் பனியில், தையல் பிரித்து நாலு நாள்கூட ஆகாத உடம்போடு, பால் கட்டிய மார்போடு, மதி அடிபம்புக்குப் பக்கத்தில் ஈரச் சிமெண்ட் தரையில் கிடந்தாள். வலது கையில் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன ரப்பர் செருப்பு. உள்ளே குழந்தை கட்டிலின் நடுவில் பத்திரமாகப் படுத்துப் பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பச்சையம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. பிள்ளை அப்பன் ஜாதி என்பது உலக வழக்கம், அறையும் அந்த வழக்கத்தைத்தான் வைத்திருந்தது. இரண்டு மாதமாக அது மதியைத் தூங்கவிட்டது வயிற்றிலிருந்ததற்காக. அவள் பம்படியிலேயே மகளை மடியில் போட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளையை ஹாலில் தூளி கட்டிப் போட்டார்கள். விடிந்தபோது தூளி காலி, குழந்தை அறைக் கட்டிலில். மதி அதைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் காலை அங்கேயும் தொட்டில் காலி, கொருக்குப்பேட்டையில் கட்டிலில் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பகலில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், தூக்கம் மட்டும் அந்த அறையில்தான். பால் கொடுக்க மதி ராத்திரியெல்லாம் அறை வாசற்படியில் உட்கார்ந்து கண் விழித்தாள். கண்ணயர்ந்தால் பம்படி.

பிள்ளை பிறந்த பதினாறாம் நாள், யாரும் எதிர்பாராதபோது, தனக்கோடி வந்து இறங்கினாள். அறை இப்படி வாய்த்திருக்கிறது என்று மகன் போய்ச் சொன்னதில், அதையும்தான் பார்ப்போமே என்று வந்திருந்தாள். பச்சையம்மா கொடுத்த காப்பியை அப்புறம் என்று சொல்லி வைத்துவிட்டு, அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கதவின் கீழ்க்கட்டத்தில், ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில், ஆணியால் கீறிய கோணல் கோலம் ஒன்று இருந்தது. தனக்கோடி குனிந்து அதை விரலால் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"நான் போட்டது. ஆறு வயசுல. எங்கப்பா அடிச்ச அடி இன்னம் முதுகுல இருக்கு," என்றாள். பிறகு ஜெயவேலைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க பொறந்த வீட்டுக் கதவு இது. நொச்சிப்பூண்டி."

அது ஜெயவேலின் அப்பா சொல்லிவிட்டுக் காறித் துப்புகிற பெயர். ஜெயவேலுக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி தனக்கோடி நன்றாகத் தூங்கினாள், பேத்தியை அணைத்துக்கொண்டு. காலையில் முகம் கழுவப் பின்பக்கம் வந்தவள், மதி செருப்பும் கையுமாகப் பம்படியில் கிடப்பதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்து, "எழுந்திரும்மா, பச்ச ஒடம்பு, ஈரத்துல கெடக்காத," என்று அன்பாகவே சொன்னாள். பச்சையம்மா அவள் காலில் விழாத குறையாக, சொன்னபடி மதியையும் பிள்ளையையும் மதுராந்தகத்துக்கு அழைத்துப் போகும்படி கேட்டாள். ஒரு ராத்திரி தங்கியாகிவிட்டதே. தனக்கோடி சிரித்தாள். "அங்க எதுக்கும்மா? எங்க அப்பா வீடே இங்க இருக்கு. நான் இங்கயே இருந்துக்கறேன். மதி நல்ல பொண்ணு, அவ மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவளுக்கு எது எடமோ அந்த எடத்துல அவ இருக்கட்டும்." மத்தியானம் பெட்டி படுக்கை வந்து சேர்ந்தது.

தனக்கோடி காலடிப்பேட்டைப் பெருமாள் கோயிலுக்குப் போன ஒரு சாயங்காலம் ஜெயவேல் கோடரியோடு உள்ளே போனார். கதவை வெளியே இழுத்துப் போட்டு, தாமரை, குமிழ், கோலம் எல்லாவற்றையும் பிளந்து, சந்து நடுவில் வைத்துக் கொளுத்தினார். நாள்பட்ட தேக்கு, நின்று எரிந்தது. அந்தத் தீயில் பேத்திக்கு வெந்நீர் வைத்தார்கள். கோணிகளையும் கிழித்தார், அடியில் நீலம் இல்லை, சாணி மெழுகிய மண்சுவர் இருந்தது. அப்போதுதான் அவர் கதறினார், கோடரியைக் கீழே போட்டுவிட்டு, சந்தே கேட்கும்படி. கோயிலிலிருந்து திரும்பிய தனக்கோடி சாம்பலைப் பார்த்தாள், வெற்றுத் தலைமாட்டைப் பார்த்தாள். "கதவு போனா என்னா, வாசல் இருக்கே," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். விடிந்தபோது ஜெயவேல் பம்படியில் கிடந்தார். அவர் அன்று அறைப் பக்கமே போகவில்லை, ஹாலில்தான் படுத்திருந்தார். ஹாலும் அன்றிலிருந்து பெரிய வீட்டோடு சேர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் எழுதியபடியே அந்த அறை பெயின்ட் இல்லாமல்தான் இருந்தது. ஜெயவேல் இரண்டு முறை நீலம் வாங்கி அடித்தார்; பட்டதும் வழிந்து, தரையில் ஓடி, சமையலறை வழியாகப் பின்பக்கம் போய்ப் பம்பைச் சுற்றித் தேங்கி நின்றது. பம்படிச் சிமெண்ட் அப்போது நீலமானது, மழைக்கும் போகவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் எப்படிப் போனது என்றால், பழகிப் போனது. பம்படிக்கு மேலே தகரம் வேய்ந்து ஜெயவேல், பச்சையம்மா, மதி மூவரும் அங்கேயே குடியிருந்தார்கள். வரியும் கரண்டு பில்லும் ஜெயவேல் பெயரில் வந்தது, அவரே கட்டினார். தனக்கோடி குழந்தைக்குக் கோதை என்று பெயர் மாற்றி அறையிலேயே வளர்த்தாள். பால் குடிக்கும் வயது வரைக்கும் அவளே பிள்ளையைக் கொண்டுவந்து பின்வாசற்படியில் கிடத்திவிட்டு இரண்டடி பின்னால் போவாள், மதி வந்து எடுத்துக்கொள்வாள். குடித்து முடித்ததும் மதி கிடத்திவிட்டு நகர்ந்துகொள்வாள். சனிக்கிழமைதோறும் சுப்புராஜ் வந்து அறையில் தூங்கினான். மதிக்கு எண்ணூர் வேலை போய், தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் அழவில்லை. மகளைப் பற்றிப் பேசும்போது 'பாப்பா' என்பதை விட்டு, பெரிய வீட்டுப் பெண்ணைச் சொல்கிற மாதிரி 'சின்னம்மா' என்று சொல்ல எப்போது ஆரம்பித்தாள் என்று யாருக்கும் நினைவில்லை. பச்சையம்மாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோணி ஊசி நகக்கண்ணில் ஏறியது மாதிரி இருந்தது. எல்லாம் தன் கையால் தைத்தது என்று அவளுக்குத் தெரியும், அதனால் வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்து ஊரெல்லாம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. பம்புகள் காற்றை உதறின. கொருக்குப்பேட்டைப் பம்புகளில் வந்தது மஞ்சளாக, எண்ணெய் மிதந்து, கெட்ட வாடையோடு வந்தது. அறையிலிருந்த பித்தளைக் குடம் மட்டும் குறையவே இல்லை. தனக்கோடி ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. பின்வாசலைத் திறந்துவைத்தாள். வரலாம், ஆனால் வருகிறவர்களின் குடம் எதன்மேலும் படக்கூடாது. மேலிருந்து ஊற்றுவார்கள், கீழே ஏந்திக்கொள்ள வேண்டும். சந்து முழுக்க வரிசையில் நின்றது. முதலில் நாலு பேர் முணுமுணுத்தார்கள், மே மாத வெயிலில் அதுவும் நின்றது. ஜெயவேல் ஒருவர்தான் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. "என் வூட்டு பம்பு கீது எனுக்கு," என்று மஞ்சள் தண்ணீரை வடிகட்டி வடிகட்டிக் குடித்தார். பச்சையம்மா கெஞ்சினாள், குடத்துத் தண்ணீரைப் பம்புத் தண்ணீர் என்று ஏமாற்றிக்கூடக் கொடுத்துப் பார்த்தாள். நாக்கில் பட்டதும் துப்பிவிட்டார். ஜூன் மாதம் கண்ணும் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பதினெட்டு நாள் படுத்து, நீலச் சிமெண்ட் மேல் செத்துப்போனார். பிணத்தை முன்வாசல் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று பச்சையம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஹாலைத் தாண்டி முன்வாசலுக்குப் போனார்கள், தெருவில் பாடையை இறக்கிப் பார்த்தால் பிணம் பம்படியில் இருந்தது. மூன்று முறை. நாலாம் முறை பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போனார்கள், அது சுலபமாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பச்சையம்மாவுக்கு நாக்கு வறண்டது. பம்பை அடித்தாள், காற்று வந்தது. பின்வாசற்படிக்குப் போனாள். தனக்கோடி உள்ளே படுத்திருந்தாள். மூன்று வயது தாண்டிய பேத்தி, இடுப்பில் பட்டுப்பாவாடை சரிய, சின்னச் செம்பில் தண்ணீரோடு படியின்மேல் வந்து நின்றது. ஜெயவேலின் மூக்கு, மதியின் கண். பாட்டியைக் கண்டு சந்தோஷமாகச் சிரித்தது. குழந்தைக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

"பச்சையம்மா, தண்ணி வோணுமா?" என்றது. "தள்ளி நில்லு. கைய நீட்டு."

பச்சையம்மா இரண்டடி தள்ளி நின்று, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயோடு வைத்துக்கொண்டாள். குழந்தை எக்கி நின்று, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், பழகிய கையாக மேலிருந்து ஊற்றியது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. போதும் என்று தலையை ஆட்டும் வரைக்கும் ஊற்றியது. மதி வரிசையில் அடுத்து நின்றுகொண்டிருந்தாள்.